உப்புக் காற்றுக்குள் ஒரு வீட்டுச் சர்வர்: பழைய ஒஃபிஸ் மெஷின் காணுமா?

உப்புவெளியான் | 2025 பெப்ரவரி 23, இரவு 10.40

வணக்கம். கலியாண வீடு, கோயில் திருவிழா என்று வீடியோ எடுக்கிறவன் நான். பதினொரு வெளி ஹார்ட் டிஸ்க் ஒரு பிஸ்கட் டின்னுக்குள் கிடக்கின்றன, மொத்தம் 9 டிபி (டெராபைட்) வரும். போன கிழமை 2016 நவராத்திரிக் கும்பவிழா இருந்த டிஸ்கைக் குத்தினேன். "டிக்... டிக்... டிக்" என்று பல்லி மாதிரிச் சொல்லிவிட்டு அப்படியே படுத்துவிட்டது. அந்த வருடம் கும்பம் எடுத்து ஆடினவர்களில் இரண்டு பேர் இப்போது உயிரோடு இல்லை. அவர்களுடைய பிள்ளைகள் கேட்டால் என்ன சொல்வது என்று நித்திரை வரவில்லை.

ஒரு நிறுவனம் கழித்துவிட்ட டெல் ஒப்டிபிளெக்ஸ் என்னிடம் இருக்கிறது. சின்னப் பெட்டி வகை, ஆறாம் தலைமுறை ஐ5, 8 ஜிபி ராம். இதை வைத்து மூன்று வேலை பார்க்க ஆசை. எல்லா வீடியோவையும் ஒரே இடத்தில் சேர்க்க வேண்டும். அம்மா டிவியில் பார்க்க வேண்டும். எங்கள் வாசிகசாலைக்கு ஒரு சின்ன வலைத்தளமும் இதிலேயே ஓட வேண்டும். ஃபைபர் லைன் இருக்கிறது. வீடு திருகோணமலை உப்புவெளியில், கடல் முந்நூறு அடி எடுத்து வைத்தால் வந்துவிடும். இது காணுமா, இல்லை இரண்டு டிஸ்க் போடுகிற புது நாஸ் பெட்டி (வீட்டு நெற்வேர்க்கில் கோப்புகளைச் சேமித்துப் பகிரும் பெட்டி) வாங்கட்டுமா?

டைக்வீதி | பெப்ரவரி 23, இரவு 11.15

மெஷின் காணும். முதலில் கரண்ட் கணக்கைப் பாருங்கள். நான் முன்பு ஒரு பெரிய டவர் வைத்திருந்தேன், சும்மா இருக்கும்போதே 70 வாட். 24 மணிநேரம், 30 நாள் என்றால் மாதம் 50 யூனிட். உங்கள் சின்னப் பெட்டி ஒரு டிஸ்கோடு 20, 22 வாட்டில் நிற்கும், அதாவது 16 யூனிட் வரை. வித்தியாசம் 34 யூனிட்தானே என்று விடாதீர்கள். எங்கள் பில் படிப்படியாக ஏறுகிறது. 60, 90, 120, 180 என்று ஒவ்வொரு படி தாண்டும்போதும் விலை மாறும், நிலையான கட்டணமும் கூடும். இப்போது எத்தனை யூனிட் வருகிறது?

என்னிடம் ஒரு வாட் மீட்டர் இருக்கிறது. வந்து எடுத்துப் போங்கள். சதுரப் பின், அதனால் பழைய வட்டப் பிளக் பொயின்ட் என்றால் நல்ல அடப்டர் ஒன்றும் கொண்டு வாருங்கள். ஆடுகிற மல்ட்டி பிளக்கில் சர்வரைக் கொழுவ வேண்டாம்.

பழைய மெஷின் என்றால் பவர் சப்ளையைத் திறந்து பார்த்துவிட்டுத்தான் கரண்ட் கொடுக்க வேண்டும். என்னுடையதில் ஒரு பல்லி கருவாடாக இருந்தது.

உப்புவெளியான் | பெப்ரவரி 24, காலை 7.05

போன மாதம் 104 யூனிட். அப்படியென்றால் 16 சேர்த்தால் 120! மயிரிழை. குசினி லைட்டை அம்மா மறந்தால் படி தாண்டிவிடும்.

கச்சான்காற்று | பெப்ரவரி 24, பகல் 1.30

தம்பி, கரண்டுக்கு முதல் உப்பைப் பார். நான் இருபது வருடமாகக் கொம்பியூட்டர் திருத்துகிறேன். நிலாவெளி, உப்புவெளிப் பக்கத்திலிருந்து வரும் மெஷினைத் திறந்தால் மணத்திலேயே சொல்லிவிடுவேன். சட்டத்தில் கறள், செம்பில் பச்சைக் களிம்பு. ராம் பல்லில் மங்கின ஒரு படலம் இருக்கும், விரல் வைத்தால் பிசுபிசுக்கும். உப்பு ஈரத்தை இழுக்கும், ஈரம் கறளைக் கொண்டுவரும், அவ்வளவுதான் கதை.

சனத்துக்குத் தெரியாத ஒன்று சொல்கிறேன். எப்போதும் ஓடுகிற மெஷினை விட நிறுத்தி வைத்த மெஷின்தான் கெதியாகக் கெடும். ஓடும்போது உள்ளே சூடு இருக்கும், ஈரம் படியாது. ஆறு மாதம் மேசைக்குக் கீழே கிடந்ததை எடுத்துப் போட்டால் மூன்று தரம் பீப் அடித்துவிட்டு நிற்கும். அதனால் உன் சர்வர் 24 மணிநேரம் ஓடுவது நல்லதுதான். கடல் பக்க யன்னலோரம் வேண்டாம், உள் அறையில் நிலத்திலிருந்து இரண்டடி உயரத்தில் வை. ஏசி அறையில் வைத்துப் பகலில் ஏசியை நிறுத்துகிறவர்கள் இருக்கிறார்கள். குளிர்ந்த இரும்பில் ஈரக் காற்றுப் பட்டால் வியர்க்கும், அதைவிட ஏசி இல்லாத அறை மேல். வருடத்தில் இரண்டு தரம் கழற்றி ஐசோபுரோபைல் அற்ககோலால் பல்லுகளைத் துடை. கச்சான், அதாவது தென்மேற்குக் காற்று, தொடங்க முதல் ஒருக்கால், மாரி முடிந்து ஒருக்கால்.

நாஸ் பெட்டி வாங்கக் காசை வீணாக்காதே. அதன் பவர் போர்ட் போனால் இங்கே யாரிடமும் இல்லை. ஒப்டிபிளெக்ஸ் சாமான் என் அலுமாரியிலேயே கிடக்கிறது.

ஓர்ஸ்ஹில்_வாசி | பெப்ரவரி 24, மாலை 5.50

எதற்கு இந்த வில்லங்கம் எல்லாம்? மாதம் காசு கட்டிக் கிளவுட்டில் போட்டுவிட்டு நித்திரை கொள்ளுங்கள். உப்பும் இல்லை, பல்லியும் இல்லை.

மூதூர்_வலை | பெப்ரவரி 24, மாலை 6.20

9 டிபி, மச்சான்! மேலே அனுப்பும் வேகம் 10 எம்பிபிஎஸ் என்று வை. 1 டிபி ஏற்றவே ஒன்பது நாளுக்கு மேல். மொத்தமும் ஏற்ற இராப்பகலாக 83 நாள். அதற்குள் அவர் இன்னும் பத்துக் கலியாணம் எடுத்திருப்பார்.

ஓர்ஸ்ஹில்_வாசி | பெப்ரவரி 24, மாலை 6.31

சரி, தோல்வியை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் வலைத்தளத்தை வீட்டில் வைப்பது பைத்தியம். இந்த மாதம் 9ஆம் திகதி நாடு முழுக்கக் கரண்ட் போனது நினைவிருக்கிறதா? பாணந்துறையில் ஒரு குரங்கு என்றார் அமைச்சர். பாணந்துறைக் குரங்குக்காக உப்புவெளி வாசிகசாலை இணையத்திலிருந்து காணாமல் போக வேண்டுமா?

மூதூர்_வலை | பெப்ரவரி 24, இரவு 9.10

இதில் நான் அவர் பக்கம். கரண்டை விடப் பெரிய தடை ஒன்று இருக்கிறது. ரவுட்டருக்குள் போய் வெளிப்பக்க ஐபி முகவரியைப் பாருங்கள். அது 100.64 இலிருந்து 100.127 வரைக்குள் தொடங்கினால் உங்களுக்குச் சொந்தப் பொது முகவரி இல்லை. பல வீடுகளை ஒரே முகவரிக்குப் பின்னால் அடைத்திருக்கிறார்கள், சிஜிநாட் என்பது அதுதான். இதற்கென்றே 2012இல் அந்த எண்வரிசையை ஒதுக்கினார்கள். அப்போது ரவுட்டரில் போர்ட் திறந்து பிரயோசனமில்லை, அடுக்குமாடிக் கட்டடத்தில் உங்கள் அறைக் கதவைத் திறந்துவிட்டு வெளிக் கேற்றுப் பூட்டிக் கிடக்கிற மாதிரி.

வழி இரண்டு. ஒன்று, கிளவுட்ஃபிளேர் டனல். உங்கள் சர்வர் உள்ளிருந்து வெளியே ஒரு குழாய் போடும், பார்க்க வருகிறவர்கள் அதன் வழியாக வருவார்கள். வலைத்தளத்துக்கு அது காணும், ஆனால் அந்த இலவச வழியில் வீடியோ ஓட்ட வேண்டாம், அவர்களின் விதி இடம் தராது. மற்றது உங்களுக்கு மட்டும் வேண்டியவற்றுக்கு வயர்கார்ட் என்ற தனிப்பட்ட இணைப்பு மென்பொருள், அல்லது அதன் மேல் கட்டிய டெயில்ஸ்கேல். போனிலும் சர்வரிலும் போட்டால் கொழும்பில் நின்றாலும் வீட்டில் நிற்கிற மாதிரி.

நான் செய்வதென்றால், வாசிகசாலைத் தளத்தை வெறும் எச்டிஎம்எல் பக்கங்களாக எழுதி இலவச இடம் ஒன்றில் போட்டுவிட்டு மூலப் பிரதியை மட்டும் வீட்டில் வைப்பேன். மின்னஞ்சல் சர்வர் பற்றி நினைக்கவே வேண்டாம். வீட்டு லைனிலிருந்து போகும் கடிதத்தைப் பெரிய நிறுவனங்கள் ஸ்பாம் கூடையில்தான் போடும்.

உப்புவெளியான் | பெப்ரவரி 25, காலை 6.50

பார்த்தேன். 100.82 என்று தொடங்குகிறது. அடைத்துத்தான் வைத்திருக்கிறார்கள். தளத்தை வெளியில் வைக்கிறேன். வாசிகசாலைத் தலைவருக்கு .இலங்கை முகவரிதான் வேண்டுமாம், அது ஓடுமா?

மூதூர்_வலை | பெப்ரவரி 25, காலை 8.15

ஓடும். உலாவியில் தமிழ், சர்வர் அமைப்பில் எக்ஸ்என் என்று தொடங்கும் ஆங்கில வடிவம். ஆளுக்கு வாட்சப்பில் அனுப்பும்போது சில போன்களில் அந்த வடிவம் காட்டி அவர் பயப்படுவார், முதலே சொல்லி வையுங்கள்.

வன்னிவயர் | மார்ச் 1, இரவு 8.00

யாரும் டிஸ்க் பற்றிப் பேசவில்லையே. 12 டிபி இரண்டு வாங்கி மிரர் போடுங்கள், அதாவது எழுதுவதெல்லாம் இரண்டிலும் ஒரே நேரத்தில் எழுதப்படும். ஒன்று போனாலும் மற்றது நிற்கும். வாங்கும்போது தடங்களைப் பக்கம் பக்கமாக எழுதும் சிஎம்ஆர் வகையா என்று பாருங்கள். எஸ்எம்ஆர் என்றால் தடங்களை ஓட்டுக்கூரை மாதிரி ஒன்றன் மேல் ஒன்று அடுக்கி எழுதுவது. இடையில் ஒன்றை மாற்ற அடுத்தவற்றையும் திருப்பி எழுத வேண்டும், மிரர் போன்ற ரெய்ட் அமைப்பில் மீளக் கட்டும்போது உயிரை வாங்கும். 2020இல் வெஸ்டேர்ன் டிஜிட்டல் தன் நாஸ் டிஸ்குகள் சிலவற்றில் இதைச் சொல்லாமல் போட்டுப் பெரிய சண்டை நடந்தது.

கச்சான்காற்று | மார்ச் 1, இரவு 9.25

அந்தச் சின்னப் பெட்டிக்குள் பெரிய டிஸ்க் ஒன்றுதான் வடிவாக அமரும் தம்பி. மற்றதை எங்கே வைப்பது, மூடிக்கு மேலேயா?

அதைவிட, மிரர் எதிலிருந்து காப்பாற்றும்? டிஸ்க் தானாகச் சாவதிலிருந்து மட்டும். மின்னல் அடித்தால் இரண்டும் போகும். கள்ளன் தூக்கினால் இரண்டும் போகும். நீயே பிழையாக அழித்தால் அதே நொடியில் இரண்டிலும் அழியும். கையில் இரண்டு டிஸ்க் வாங்கக் காசு இருந்தால் இரண்டாவதை வேறு வீட்டில் வை. மூன்று வாங்கக் காசு வந்த அன்று மிரர் பற்றிப் பேசலாம்.

வன்னிவயர் | மார்ச் 1, இரவு 9.50

அண்ணை சொல்வதில் பிழை இல்லை. ஆனால் டிஸ்க் செத்த அன்று வேலை நிற்கும். கலியாணக்காரர் அல்பம் கேட்டு வாசலில் நிற்பார்கள்.

கச்சான்காற்று | மார்ச் 1, இரவு 10.02

நிற்கட்டும். தேத்தண்ணி கொடு.

உப்புவெளியான் | மார்ச் 29, இரவு 11.30

செய்த வேலை இதுதான். 12 டிபி இரண்டு. ஒன்று ஒப்டிபிளெக்ஸுக்குள், சிஸ்டம் ஒரு சின்ன எஸ்எஸ்டியில். டெபியன் 12 லினக்ஸ், அதன் மேல் மென்பொருள்களைத் தனித்தனியாக ஓட்டும் டொக்கர். முதலில் பத்து டிஸ்கையும் இறக்கினேன். பதினோராவது டிக் டிக் ஆளை மீட்புக்குக் கொடுத்திருக்கிறேன், பார்ப்போம். பிறகு இரண்டாவது டிஸ்கை நேரே கொழுவி முழுப் பிரதி எடுத்தேன், ஒரு இரவும் அரைப் பகலும் பிடித்தது. அதைத் துவாயில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு வவுனியா பஸ்ஸில் போனேன். ஹொரவப்பொத்தானைப் பாதையில் ஒவ்வொரு பள்ளத்துக்கும் என் நெஞ்சு அடித்தது. இப்போது தங்கச்சி வீட்டில் ராஸ்பெரி பை 4 என்ற சின்னக் கொம்பியூட்டரில் இருக்கிறது. டெயில்ஸ்கேல் வழியாக இரவு 12க்குப் பிறகு புதியது மட்டும் போகிறது.

ஒரு கலியாணம் 120 ஜிபி என்றால் அது போய்ச் சேர நாலு இரவு பிடிக்கிறது. அதனால் சேர்ந்துவிட்டது என்ற செய்தி போனுக்கு வரும்வரை கமராக் கார்டை அழிப்பதில்லை.

டிவிக்கு ஜெலிஃபின் போட்டேன், சர்வரில் உள்ள வீடியோவை டிவியிலும் போனிலும் காட்டும் மென்பொருள் அது. அதே வேலை செய்யும் பிளெக்ஸ், வெளியிலிருந்து பார்க்க ஏப்ரல் 29 முதல் காசு கேட்கப் போகிறதாம். அம்மா முதலில் தேடியது 2011இல் நான் எடுத்த பெரியம்மாவின் அறுபதாம் கலியாணம். மூன்று தரம் பார்த்துவிட்டார்.

ஒரு சிக்கல். புதுக் கமராவின் 10 பிட் எச்.265 வகையில் சுருக்கிய வீடியோவைப் போனில் பார்த்தால் சர்வர் மூச்சு வாங்குகிறது. டிவியில் பிரச்சினை இல்லை.

டைக்வீதி | மார்ச் 30, காலை 9.00

டிவி அந்த வகையை நேரே வாசிக்கிறது, போனுக்குச் சர்வர் மாற்றிக் கொடுக்க வேண்டியிருக்கிறது. ஆறாம் தலைமுறை இன்டெலில் 8 பிட் எச்.265க்குத்தான் வன்பொருள் உதவி உண்டு, 10 பிட்டுக்கு ஏழாம் தலைமுறை வேண்டும். கல்யாணக்காரருக்குக் கொடுக்கும் இறுதிப் படத்தை எச்.264இல் எடுத்து அதை மட்டும் ஜெலிஃபினுக்குக் காட்டுங்கள். மூலத்தை வேறு ஃபோல்டரில் விடுங்கள். இதற்காகப் புது மெஷின் வாங்க வேண்டாம்.

வாட் மீட்டர் என்ன சொன்னது?

உப்புவெளியான் | மார்ச் 30, காலை 9.40

21 வாட்! மீட்டரை மூதூர்த் தம்பி வாங்கிப் போயிருக்கிறார்.

உப்புவெளியான் | ஏப்ரல் 6, இரவு 10.10

இன்னொரு கரைச்சல். சில கோப்புகள் பெயர் நீளம் என்று சொல்லி இறங்கவேயில்லை. விண்டோஸில் ஒழுங்காக இருந்தவை. கனடாவிலிருந்து மருமகன் தந்த ஃபோல்டரில் ஒரே பெயரில் இரண்டு 'கோணேஸ்வரம்' தெரிகிறது. எழுத்துக்கு எழுத்து ஒன்று. கண்ணைக் கட்டுகிறது.

லிங்கநகர்_அக்கா | ஏப்ரல் 7, மாலை 4.30

இது தமிழில் பெயர் வைக்கிற ஆட்களுக்கே வருகிற வருத்தம். லினக்ஸ் டிஸ்கில் கோப்புகளை அடுக்கும் முறையான எக்ஸ்ட்4, கோப்புப் பெயருக்கு 255 பைட் தருகிறது, 255 எழுத்து அல்ல. ஆங்கில எழுத்து ஒரு பைட், தமிழ்க் குறி ஒவ்வொன்றும் மூன்று பைட். அதிலும் 'கோ' என்றால் க ஒன்று, ஓகாரக் குறி ஒன்று, ஆக ஆறு பைட். 'திருக்கோணேஸ்வரம்' என்ற ஒரு சொல்லே 48 பைட் பிடிக்கும். மொத்தம் 85 குறிதான் கொள்ளும். "இரண்டாம் நாள் மாலைப் பூசை அம்மன் வெளிவீதி" என்று கதை எழுதினால் எங்கே கொள்ளும்? விண்டோஸ் வேறு விதமாக எண்ணுவதால் அங்கே ஓடியது.

இரட்டைப் பிறவிகளுக்குக் காரணம் மருமகனின் மேக். ஓகாரக் குறியை ஒரே குறியாகவும் வைக்கலாம், இடப்பக்கக் கொம்பு, வலப்பக்கக் கால் என்று இரண்டாகப் பிரித்தும் வைக்கலாம். திரையில் ஒன்றுதான், உள்ளே வேறு வேறு. பழைய மேக் வட்டுகள் பிரித்து வைப்பவை. கன்வ்எம்வி என்ற கருவியில் என்எஃப்சி (ஒரே குறியாகச் சேர்க்கும் வடிவம்) என்று கொடுத்தால் எல்லாம் ஒரே வடிவத்துக்கு வரும். முதலில் வெள்ளோட்டம் பாருங்கள், நீங்கள் தனியாகச் சொல்லாமல் அது பெயரை மாற்றாது.

பழைய பாமினி எழுத்தில் அடித்த அழைப்பிதழ்கள் இருந்தால் அவற்றையும் யுனிகோடுக்கு மாற்றுங்கள். சர்வர் அதற்குள் தேடாது, அதற்கு அது வெறும் ஆங்கிலக் குப்பை.

உப்புவெளியான் | ஏப்ரல் 7, இரவு 9.15

அக்கா, கும்பிடுகிறேன். 63 கோப்பு. எல்லாம் சரி.

உப்புவெளியான் | ஏப்ரல் 27, இரவு 8.45

நேற்றுப் பின்னேரம் இடி. கேற்றடிக் கமராவுக்குப் போன வயர் வழியாக வந்து ஸ்விட்ச் எரிந்தது, சர்வரின் நெற்வேர்க் போர்ட்டும் சேர்ந்து போனது. ஃபைபர் கண்ணாடிதானே, மின்னல் வராது என்று நம்பி இருந்தேன்.

கச்சான்காற்று | ஏப்ரல் 27, இரவு 9.05

ஃபைபர் கடத்தாது, சரி. வீட்டுக்கு வெளியே நீ இழுத்த செம்பு வயர் கடத்தும்தானே. டிஸ்க் உயிரோடா?

உப்புவெளியான் | ஏப்ரல் 27, இரவு 9.12

உயிரோடு இருக்கிறது. ஆனால் அரை மணிநேரம் வவுனியா டிஸ்கை நினைத்துக்கொண்டுதான் இருந்தேன்.

கச்சான்காற்று | ஏப்ரல் 27, இரவு 9.20

நாளைக்கு வா, நெற்வேர்க் கார்ட் ஒன்று தருகிறேன். கமராவை வைஃபைக்கு மாற்று.

உப்புவெளியான் | ஜூலை 20, பகல் 2.00

யுபிஎஸ் கதை. 650 விஏ ஒன்று வாங்கி, யுஎஸ்பி வயரைச் சர்வருக்குக் கொடுத்து, யுபிஎஸ்ஸைக் கவனிக்கும் நட் என்ற மென்பொருள் போட்டேன். பற்றரி குறைந்தால் சர்வர் தானே ஒழுங்காக நிற்கும், கரண்ட் வந்தால் தானே எழும்பும் என்று பயோஸிலும் சொல்லி வைத்தேன். கலியாணம் ஒன்றுக்குக் கொழும்பு போன அன்று கரண்ட் போனது. சர்வர் நின்றது. எழும்பவேயில்லை. அம்மாவுக்குப் போன் எடுத்து, "கறுப்புப் பெட்டி, முன்னுக்கு வட்டமாக ஒரு பட்டன்" என்று பத்து நிமிடம். அவர் முதலில் ரைஸ் குக்கரை அமத்தினார்.

வன்னிவயர் | ஜூலை 20, பகல் 3.15

சர்வர் நின்ற பிறகு, யுபிஎஸ் பற்றரி முழுதாக இறங்க முதல் கரண்ட் வந்திருக்கும். சர்வரின் பக்கத்திலிருந்து பார்த்தால் கரண்ட் போகவே இல்லை, அதனால் எழும்பக் காரணம் இல்லை. நின்று முடிந்ததும் யுபிஎஸ்ஸையும் வெட்டச் சொல்லும் கட்டளை நட்டில் இருக்கிறது, கில்பவர். அதைப் போட்டு, பிளக்கைக் கழற்றி ஒருக்கால் சோதித்துப் பாருங்கள்.

உப்புவெளியான் | ஜூலை 21, இரவு 7.30

சோதித்தேன், எழும்புகிறது. இன்னொன்று, டிஸ்க் தன் நலத்தைச் சொல்லும் ஸ்மார்ட் அறிக்கையில் 199ஆம் எண் பூச்சியத்திலிருந்து 412 ஆகிவிட்டது. டிஸ்க் போகப் போகிறதா?

கச்சான்காற்று | ஜூலை 21, இரவு 8.00

அந்த அறிக்கையில் 5ஆம், 197ஆம் எண்கள் ஏறினால் டிஸ்குக்கு வருத்தம். 199 பெரும்பாலும் வயருக்கு வருத்தம். கச்சான் வீசுகிற மாதம், டிஸ்குக்குப் போகும் சாட்டா வயரைக் கழற்றிப் பல்லைப் பார்.

உப்புவெளியான் | ஜூலை 21, இரவு 8.50

பார்த்தேன். தங்க நிறத்துக்கு மேலே மங்கலாக, வெற்றிலைச் சுண்ணாம்பு காய்ந்த மாதிரி. துடைத்துப் புது வயர் போட்டேன். அந்த எண் குறையாதாம், ஆனால் 412இலேயே நிற்கிறது.

உப்புவெளியான் | ஒக்டோபர் 11, இரவு 10.20

நவராத்திரி முடிந்தது. இந்த வருடக் கும்பம் முழுவதும் வவுனியா போய்ச் சேர்ந்துவிட்டது. மீட்புக்குக் கொடுத்த 2016 டிஸ்கிலிருந்து ஏழாம் இரவு மட்டும் வந்தது, மற்றவை இல்லை. அந்த இரண்டு பேரில் ஒருவர் அதில் இருக்கிறார். மகனுக்கு இணைப்பு அனுப்பினேன், பதில் வரவில்லை, ஆனால் ஜெலிஃபினில் அந்தப் படம் நாலு தரம் ஓடியிருப்பது தெரிகிறது.

கிண்ணியா_புதியவன் | ஒக்டோபர் 12, காலை 10.00

முழு இழையையும் இருந்து வாசித்தேன். என்னிடமும் ஒரு பழைய டவர் இருக்கிறது. அந்த வாட் மீட்டர் இப்போது யாரிடம்?

மூதூர்_வலை | ஒக்டோபர் 12, காலை 10.25

என்னிடம்தான். ஏழு மாதமாக. டைக்வீதி அண்ணா மன்னிக்க வேண்டும். நாளைக் காலை பஸ்ஸில் கொடுத்து விடுகிறேன், கிண்ணியாச் சந்தியில் நின்று கொண்டக்டரிடம் கேளுங்கள். அடப்டரும் சேர்த்துச் சுற்றியிருக்கும்.